எண்ணெய் வைக்காத தலை

சேசு மரி சூசை துணை

மொரப்பூர் ரயில்வே கேட்,
7-3-1973, விபூதிப் புதன்

அன்புள்ள தெரசாவுக்கு,

அத்தைக்கும் சவரி மச்சானுக்கும் என் தோத்திரம். ராஜமேரிக்கு மூச்சிழுப்பு இப்போது எப்படி இருக்கிறது? நீ அவளைத் தூக்கிக்கொண்டு பாலக்கோட்டுக்கு பஸ் ஏறிப் பதினேழு நாள் ஆகிறது. அன்று நீ என்னைத் திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளை இருக்கிற அறையில் புகையே கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் பீடி பற்றவைத்தேன். அப்போது நீ பார்த்த பார்வை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இன்று காலை பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசும்போது தீர்மானித்துவிட்டேன். இனி பீடி கிடையாது. பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் பச்சியப்பனிடம் கொடுத்துவிட்டேன். தண்டவாள வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நம் கேட்டில் நின்று என்னோடு பற்றவைத்துக்கொள்ளும் அதே கேங்மேன்தான். "எத்தினி நாளைக்கு?" என்றான். என்றைக்கும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

பாஸ்காப் பண்டிகை முடிந்ததும் பிள்ளையோடு வந்துவிடு. இந்த ஒற்றை அறையில் என் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை.

உன்
பிலவேந்திரன்


பாலக்கோடு,
14-3-1973

ராஜமேரி அப்பாவுக்குத் தெரசா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை பிள்ளை படுக்க முடியாமல் என் மடியில் உட்கார்ந்தே இருந்தாள். இப்போது தேவலை. கஞ்சி குடித்தாள்.

உங்கள் தீர்மானத்தைப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணமாகி ஆறு தபசுக் காலம் பார்த்துவிட்டேன். ஆறிலும் நீங்கள் பீடியை விட்டீர்கள். நம் ஆம்பிளைகளில் யார்தான் விடவில்லை? சவரி அண்ணன்கூட விடுகிறார். பாஸ்கா வரைக்கும் அந்த நாற்பது நாளும் எல்லோரும் புனிதர்கள். பாஸ்கா காலையில் பூசை முடிந்ததும் கோயில் மதிலோரம் கூடி, ஒரே குச்சியில் ஐந்து பேர் பற்றவைத்துக்கொள்வீர்கள். பெண்டாட்டி பிள்ளைக்குப் பாஸ்கா வாழ்த்துச் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடவுளுக்குக் கொடுத்த வார்த்தையை நீங்கள் ஒரு வருடமும் மீறியதில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நாற்பது நாளைக்கான வார்த்தை. பாஸ்கா காலையில்தான் எங்கள் முறை வருகிறது. எங்களுக்காக என்ன செய்கிறீர்கள் என்று அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்காவுக்கு இங்கே வாருங்கள். நாங்கள் வருவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

தெரசா


மொரப்பூர்,
2-4-1973

அன்புள்ள தெரசாவுக்கு,

நீ எழுதியது அத்தனையும் சரி. இன்றைக்கு ஒரு சங்கதி. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலை சேலம் வண்டிக்காக கேட்டை மூடிவிட்டு நின்றிருந்தேன். திடீரென்று ஒரு வாசனை வந்தது. இனிப்பா கசப்பா என்று பிடிபடவில்லை. யாராவது பூக்கூடையோடு வருகிறார்களா என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பூக்கூடை ஒன்றும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் நம் வேப்பமரம். மரம் கொள்ளாத பூ. ஒன்பது வருடமாக அதன் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அது பூக்கும் என்று தெரியும், மணக்கும் என்று தெரியாது. வண்டி போன பிறகும் கேட்டைத் திறக்காமல் நின்றுவிட்டேன். மாட்டுவண்டிக்காரர்கள் கத்தின பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

அதிலிருந்து எல்லா வாசனையும் வருகிறது தெரசா. புளி ஏற்றிய மாட்டு வண்டி நின்றால் புளி. எஞ்சின் போன பின்னால் சூடான எண்ணெய். நீ விட்டுப்போன சேலையை மடித்து வைத்தேன், அதிலும். பன்னிரண்டு வயதில் பீடி பிடித்தவன் நான். அன்றிலிருந்து உலகம் இவ்வளவு பக்கத்தில் மணந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் புகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்திருக்கிறேன். முந்தைய தபசுகளில் இப்படி ஆகவில்லையா என்று கேட்பாய். ஆகியிருக்கும். அப்போதெல்லாம் பாஸ்காவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவதிலேயே இருந்தேன்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் ஒரு பீடி நேரத்தில் வண்டி வரும். அதுதான் என் கடிகாரம். இப்போது அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. பச்சியப்பன் உப்பில் போட்ட நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுக்கிறான். அவன் பீடி குடிக்க தண்டவாளத்துக்கு அந்தாண்டை போய்விடுகிறான். நான் கேட்கவே இல்லை, தானாகவே செய்கிறான்.

நேற்றிலிருந்து ஒரே யோசனை. ராஜமேரி பிறந்து நாலு வருடம் ஆகிறது. அவள் தலை என்ன வாசனை? பெற்ற எனக்குத் தெரியவில்லை. நீ எழுது.

உன்
பிலவேந்திரன்


பாலக்கோடு,
9-4-1973

அன்புள்ள ராஜமேரி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. வருடா வருடம் அந்த மரத்துப் பூவைப் பொறுக்கி நான் ரசம் வைத்தபோதெல்லாம் 'நல்ல வாசனை' என்று சொல்லிச் சாப்பிட்டீர்களே, அதெல்லாம் வாய்ச்சொல்தானா? வந்ததும் பேசிக்கொள்ளலாம். இங்கே சர்க்கரை ஆலைக் காற்று அடிக்கும்போது நீங்கள் மூக்கை மூடிக்கொண்டு, பழைய மூக்கே தேவலை என்பீர்கள்.

பிள்ளையின் தலை வாசனையை எப்படி எழுதுவது? மேலே தேங்காயெண்ணெய். அதற்குக் கீழே வேறொன்று இருக்கிறது. அதற்குப் பெயர் இல்லை. வந்து தெரிந்துகொள்ளுங்கள். அவளுக்கு ஒரு வாரமாக இழுப்பு வரவில்லை. "எங்கப்பா பீடிய வுட்டுட்டாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

எனக்குத்தான் பயமாக இருக்கிறது. நம்பிவிட்டு ஏமாறுவதற்கு எனக்கு இனித் தெம்பு இல்லை. இந்தக் கடிதத்தைப் பீடிக்கட்டு வைக்கும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கை போனால் இது தட்டுப்படட்டும்.

தெரசா


மொரப்பூர்,
23-4-1973, திங்கள்

தெரசா,

நேற்று ஒன்றுமே கேட்காமல் எனக்குச் சோறு போட்டாய். நீ என்னை நம்பிவிட்டாய் என்று நினைத்தேன்.

நேற்று நான் பீடி குடித்தேன்.

மதிலோரம் கூடியவர்களிடம் நான் போகவில்லை, அது உனக்கே தெரியும். சவரி மச்சான் என்னைத் தேடி வந்து கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் அழைத்துப் போனார். "தபசு முடிஞ்சுபோச்சுங்க மாப்ளே, ஒண்ணே ஒண்ணு" என்று பற்றவைத்து நீட்டினார். அவர்மேல் தப்பில்லை, வாங்கினது என் கை. உன் கடிதமும் என் பையில்தான் இருந்தது. இரண்டு தம் இழுத்தேன். கீழே போட்டு மிதித்தேன். யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தால் ராஜமேரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வருகிறாள். எத்தனை நாளாக அந்தத் தலைக்காகக் காத்திருந்தேன். என் வாய் நாற்றம் என் மூக்கிலேயே ஏறியது. அவளைத் தூக்காமல் நகர்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் வேர்வை என்று உன்னிடம் சொன்னது பொய். "அப்பா ஏன் என்னெத் தூக்கல?" என்று அவள் அழுதது மொரப்பூர் வரை பஸ்ஸில் கூடவே வந்தது.

சாமியாரிடம் செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் நாலு பரமண்டல மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். எனக்கு அது சுலபம். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். சொல்லாமல் இருந்தால் நீ வந்துவிடுவாய் என்று தெரியும். பொய் சொல்லி உங்களைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்று குடிக்கவில்லை. அதற்குமேல் உறுதி சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ என்ன முடிவெடுத்தாலும் அது நியாயம்தான்.

பிலவேந்திரன்


பாலக்கோடு,
28-4-1973

அன்புள்ள ராஜமேரி அப்பாவுக்கு,

நான் பார்த்தேன்.

என் அப்பா கல்லறைக்குப் பூ வைக்கப் போயிருந்தேன். பூ வைத்துவிட்டு நிமிர்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்களும் அண்ணனும். இரண்டு தம் இழுத்ததைப் பார்த்தேன். மூன்றாவது இழுக்காமல் மிதித்ததையும் பார்த்தேன். பிள்ளையைத் தூக்காமல் நகர்ந்ததையும் பார்த்தேன். அதனால்தான் சோறு போடும்போது ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுதிருப்பேன்.

அன்றிலிருந்து தபால்காரருக்காகக் காத்திருந்தேன். 'ஜெயித்துவிட்டேன், புறப்பட்டு வா' என்று ஒரு வரி வந்திருந்தால் உயிருள்ளவரை அந்த கேட் பக்கம் வந்திருக்க மாட்டேன். உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கிப் போனது, அம்மா வந்து கத்தினாள். யாரும் பார்க்கவில்லை என்று நம்பியதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிற மனிதரோடா ஆறு வருடம் குடித்தனம் நடத்தினேன் என்று மலைத்துப்போனேன். அந்த வேப்பம்பூ உங்களுக்கு எப்படி இருந்ததோ, எனக்கும் அப்படித்தான் இருந்தது. பக்கத்திலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அண்ணனைத் திட்டித் தீர்த்துவிட்டேன். உங்களைத் திட்டாமல் விட்டதையும் சேர்த்து அவரே வாங்கிக்கொண்டார். பச்சியப்பனுக்குக் கொடுக்க முறுக்குச் சுட்டு வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். நாட்களை எண்ணுவதாக இருந்தால் நீங்கள் கடிதம் எழுதிய திங்கட்கிழமையிலிருந்து எண்ணுங்கள். இந்தத் தடவை நாற்பதில் நிறுத்தக் கூடாது. நடுவில் தவறினால் இதே மாதிரி சொல்லுங்கள், மறுபடியும் ஒன்றிலிருந்து சேர்ந்தே எண்ணுவோம்.

ராஜமேரிக்கு நேற்று தலைக்கு ஊற்றிவிட்டு எண்ணெய் வைக்காமல் விட்டிருக்கிறேன். முடி பறக்கிறது, சிக்கு விழுகிறது. பிள்ளையை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று அம்மா கேட்டுவிட்டாள். கேட்கட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் வைக்கப்போவதில்லை. முதலில் நீங்கள் அவளைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். எண்ணெய் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள்
தெரசா