ரோட்டர் இருக்க வேண்டிய இடத்தில்

ரஸ்,

இந்தச் சீட்டு உன் கையில் இருக்கிறது என்றால், நாம் பழுது பார்த்த பழைய காரை நான் இல்லாமல் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டாய். இன்ஜின் சுற்றியிருக்கும், பிடித்திருக்காது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்திருப்பாய். உள்ளே ரோட்டர் இல்லை, இந்தச் சீட்டாக நான்தான் இருக்கிறேன்.

ரோட்டர் என் சாண்ட்விச் டப்பாவில், என்னோடு நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வந்திருக்கிறது. அது இல்லாமல் எட்டு சிலிண்டரில் ஒன்றுக்கும் பொறி போகாது. அலமாரியில் இருந்த பழையதும் என்னிடம்தான். தேடாதே.

"நீ வேலைக்குப் போ நாதீன், முதல் சத்தத்த வீடியோ எடுத்து அனுப்புறேன்" என்றாய் நேற்று. நான் வாயைத் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். நாலு குளிர்காலம் அந்த கராஜில் விரல் விறைக்க விறைக்க நட்டு முடுக்கியிருக்கிறேன். கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில் பிரித்துச் சேர்த்தது நான். சேர்ந்துதான் ஸ்டார்ட் செய்வோம் என்று வாக்குக் கொடுத்தது நீ.

மூன்றரைக்கு வந்துவிடுவேன். நம் பையன் லைலுக்கு அடுப்பில் இருக்கும் பீன்ஸ் சூப்பைச் சூடாக்கிக் கொடு. அவனிடம் முன்பே சொல்லிவிட்டேன். நீ சாவியைத் திருப்பியபோது அவன் இருமியிருந்தால், அது சிரிப்பு.

கோபம் இல்லை. அரைக் கோபம்.

நாதீன்

பி.கு: மூடியைத் திறக்காமல் காத்திருந்தால் சாவியை உன்னிடமே விட்டிருப்பேன். இனி நான்தான் திருப்புவேன்.

இன்னொன்று: சீட்டைப் பழையபடி மடித்து உள்ளே வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்காதே. உன் கிரீஸ் கட்டைவிரல் இந்நேரம் இதில் பதிந்திருக்கும்.