பதினோரு நிமிடங்களுக்குக் காரணம் எழுதக் கோருதல்

அனுப்புநர்:
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்,
அரசுப் பொது மருத்துவமனை,
பணியாளர் குடியிருப்பு, மூன்றாம் தளம்.

பெறுநர்:
உயர்திரு பொதுச் செயலாளர் அவர்கள்,
பிராந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு,
தலைமை அலுவலகம்.

பொருள்: பெண்கள் கோப்பைத் தொடக்க ஆட்ட அறிக்கையில் விடுபட்ட காரணத்தைச் சேர்க்கவும், மைதானத்தின் வண்டி வாசலைக் காலியாக வைக்கவும் வேண்டுதல்.

பார்வை: "தங்கள் தேசியச் சங்கம் வழியாக அணுகவும்" என்ற தங்கள் அலுவலகத்தின் ஒரு வரிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டுக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் இறந்துபோன இடதுபுறத் தடுப்பாட்டக்காரியின் தந்தை நான். களத்தில் வாய் ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பாள் என்பதால் அணியில் அவளைச் சில்வண்டு என்று கூப்பிட்டார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு வயது இருபத்திரண்டு.

2. கூட்டமைப்பின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஒன்பது நாடுகளின் சங்கங்களை ஒரே சட்டப் புத்தகத்துக்கும் ஒரே அட்டவணைக்கும் கொண்டுவந்தவர்கள் தாங்கள். அதற்கு முன்பு எங்கள் சங்கத்தின் பெண்கள் அணி ஆண்டுக்கு இரண்டு ஆட்டம் ஆடினாலே பெரிது. தங்கள் கோப்பை வந்த பிறகுதான் என் மகள் விமானம் ஏறினாள். ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்று போனில் எங்களிடம் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது.

3. ஆட்டத்தின் அறுபத்திரண்டாவது நிமிடத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவள் தானாக விழுந்தாள். பயிற்சியாளருக்காக மாற்று கோல்கீப்பர் பெஞ்சில் சாய்த்து வைத்திருந்த போன் எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கிறது. படத்தை முதலில் பார்த்தவள் என் மனைவி. "சத்தம் நின்னுடுச்சு பாருங்க" என்றாள். அந்த இடம் வரை மகளின் குரல் கேட்கிறது. அதற்கப்புறம் இல்லை.

4. அவளுடைய இதயம் நின்றிருந்தது. அணிக்கு மசாஜ் செய்யும் அம்மாள் ஓடிவந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி ஆம்புலன்ஸின் உள்சுவரில் பொருத்தப்பட்டிருந்தது. ஆம்புலன்ஸோ வண்டி வாசலுக்கு வெளியே நின்றது. வாசலை அடைத்து ஒன்பது சங்கங்களின் கொடிகளும் சிமெண்ட் நிரப்பிய டிரம்களில் வரிசையாக நடப்பட்டிருந்தன. கேமராவில் நன்றாகத் தெரியும் இடம் அதுதான் என்று அங்கே வைத்தார்களாம்.

5. டிரம்மை நகர்த்த ஆறு பேர் வந்தார்கள். கூட்டமைப்பின் விழாச் சடங்குகளைக் கவனிக்கும் அதிகாரி குறுக்கே நின்று சொன்னது படத்தில் தெளிவாகக் கேட்கிறது: "யாரும் கை வைக்காதீங்க. எந்தக் கொடிய முதல்ல எடுக்கிறதுன்னு மேல கேட்டுட்டு வந்துடறேன்." முந்தைய ஆண்டு ஒரு சங்கம் தன் கொடியைத்தான் முதலில் நகர்த்தினார்கள் என்று கோபித்துக்கொண்டு போட்டியை விட்டே போய்விட்டதாம். அதிகாரி மேலே போனார். ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஆம்புலன்ஸ் டிரைவரே இறங்கிவந்து, கைக்கு எட்டிய டிரம்மைச் சாய்த்து உருட்டினார். அதற்குள் ஏழு நிமிடங்கள் போய்விட்டன. மருத்துவமனை போய்ச் சேரும்போது அவள் உயிரோடு இல்லை.

6. என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். இந்த மருத்துவமனையின் ஸ்ட்ரெச்சர் லிஃப்டைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். அதன் வாசலில் ஒரு பூந்தொட்டி வைக்கக்கூட யாரையும் விட்டதில்லை. அமைச்சர் வந்தபோது வைத்தார்கள். நானே தூக்கி அப்பால் வைத்தேன். லிஃப்ட் இரண்டு நிமிடம் நின்றாலும் ஏன் நின்றது என்று பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் எனக்கு மெமோ வரும்.

7. தங்கள் ஆட்ட அறிக்கையை வரவழைத்துப் படித்தேன். "இரண்டாம் பாதியில் கூடுதல் நேரம்: பதினோரு நிமிடங்கள். காரணம்:" என்று இருக்கிறது. காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக உள்ளது. அந்தக் கூடுதல் நேரத்தின் ஒன்பதாவது நிமிடத்தில் விழுந்த கோல் மட்டும் விவரமாகப் பதிவாகியிருக்கிறது: யார் அடித்தார், எந்தக் காலால் அடித்தார் என்பது வரை. என் மகள் விழுந்ததால் கிடைத்த நேரத்தில் அடித்த கோலுக்கு இடம் இருக்கிறது. அவளுக்கு இல்லை. "குறிப்பிடத்தக்க நிகழ்வு: எதுவும் இல்லை" என்று முடித்திருக்கிறார்கள்.

8. எங்கள் தேசியச் சங்கத்தைக் கேட்டேன். போட்டியை நடத்திய நாட்டுச் சங்கத்தின் பொறுப்பு என்றார்கள். அவர்களுக்கு எழுதினேன், கூட்டமைப்பின் போட்டி என்று பதில் வந்தது. தங்களுக்கு எழுதினேன், சங்கம் வழியாக வரச் சொன்னீர்கள். ஒன்பது சங்கங்களும் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கின்றன என்பதை அப்போதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

9. சங்கம் வழியாக வரும் புகார்கள் தங்களிடம் தேங்குவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஆட்டம் முடிந்த மறுநாளே எங்கள் சங்கம் தங்களுக்கு ஒரு புகார் அனுப்பியது. டிரைவர் உருட்டியது எங்கள் நாட்டுக் கொடி இருந்த டிரம்மாம். அது கொடிக்கு அவமதிப்பாம். இரண்டே நாளில் தாங்கள் வருத்தம் தெரிவித்து எழுதினீர்கள். டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். என் பிள்ளைக்காக அந்த மைதானத்தில் கொடியைத் தொட்ட ஒரே மனிதர் அவர்.

10. இந்த ஆண்டுக் கோப்பையும் அதே மைதானத்தில்தான். தொடக்க விழா ஏற்பாட்டு வரைபடத்தில் கொடிகள் அதே வாசலில் இருக்கின்றன. என் இளைய மகள் அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். பதினேழு வயது என்பதால் என் கையெழுத்து வேண்டும். போட மாட்டேன் என்று ஒன்பது நாள் பிடிவாதமாக இருந்தேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சாப்பிட உட்காரும்போது சொன்னாள்: "நீங்க போடலைன்னா நான் மட்டும் வீட்டுல இருப்பேன்பா. மத்தவங்க எல்லாரும் அதே வாசல் முன்னாடிதான் ஆடுவாங்க." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

11. ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. அறிக்கையின் வெற்றிடத்தில் நடந்ததை எழுத வேண்டும். டிரைவருக்கு வேலை திரும்பக் கிடைக்கத் தாங்கள் எழுத வேண்டும். வண்டி வாசலில் கொடியோ கோலமோ எதுவும் வைக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவிட வேண்டும்.

12. இளைய மகளின் ஒப்புதல் படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டாயிற்று, தேதி மட்டும் போடவில்லை. சங்கத்தில் கொடுக்காமல் தங்களுக்கே அனுப்புகிறேன். வாசல் காலியாக இருக்கும் என்று தங்களுக்கு உறுதியான அன்று, தாங்களே அதில் தேதியிட்டுச் சங்கத்துக்கு அனுப்பிவைக்கலாம். அது முடியாதென்றால் படிவத்தை எனக்கே திருப்பிவிடவும். அதில் காரணம் எழுத ஓர் இடம் விட்டிருக்கிறேன். அதையாவது வெறுமையாக விடாதீர்கள்.

தங்கள் பதிலுக்கு, சங்கம் வழியாக அல்லாமல் என் வீட்டு வாசலிலேயே காத்திருக்கும்,

(கையொப்பம்)
சில்வண்டின் தந்தை

நாள்: போட்டி தொடங்க இருபத்துமூன்று நாட்கள் இருக்கையில்
இடம்: மருத்துவமனை லிஃப்ட் அறை

இணைப்பு: ஆட்ட அறிக்கையின் நகல், போன் பதிவு, மூன்று பதில் கடிதங்கள், தொடக்க விழா வரைபடம், ஒப்புதல் படிவம் (அசல்).