கல்யாணப் படத்தின் மேல் கட்டிய குளவிக்கூடு

வண்டியூர், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தாமரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், நினைத்தால் மட்டும் சுற்றும் நம் கிரைண்டரும் சுகம். அங்கே நீ சுகமா என்பதை உன் கையாலேயே எழுதித் தெரியப்படுத்து, மருமகன் வாயால் கேட்டுக் கேட்டு எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் காதுக்கு வந்திருக்கும். நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு விட்டேனா, பால்கோவா வாங்கி எதிர்வீடு தொடங்கி கேஸ் சிலிண்டர் போட வந்தவர் வரைக்கும் கொடுத்தேன். யார் சொல்லித் தெரியும் என்று கேட்காதே, குளவி சொல்லித்தான். ஹாலில் மாட்டியிருக்கிற உங்கள் கல்யாணப் படத்துச் சட்டத்தில், சரியாக உன் தலைக்கு மேலே, ஒரு குளவி மண் உருண்டையாகக் கொண்டுவந்து அப்பி ஙொய் என்று பாடிக்கொண்டே கூடு கட்டியது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டுப் பெண் மாசமாக இருக்கிறாள் என்று நம் பக்கம் சொல்வார்களே, இந்த வீட்டில் மிச்சம் இருக்கிற பெண் நான் ஒருத்திதான், என்னை அந்தக் கணக்கில் சேர்த்தால் உன் அப்பா அழகர்மலைக்கு ஓடிவிடுவார், ஆகவே அது நீதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கறுத்த மண், ஆண் பிள்ளை என்றும் சேர்த்துச் சொன்னேன். எதிர்வீட்டுப் பாண்டிமீனா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கருத்த மண்ணுன்னா பொட்டப்புள்ளக்கா, இதுகூடத் தெரியாம நீயெல்லாம் டியூசன் எடுக்கிற என்று சண்டைக்கு வந்தாள். பால்கோவாவை மட்டும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள்.

அவள் வாயில் விழுந்த சேதி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் உசிலம்பட்டி போய்ச் சேர்ந்தது. உன் மாமியார், என் அண்ணன் பெண்டாட்டி செல்லத்தாய் மதினி போன் போட்டு, ஏத்தா ஜெயக்கொடி, பெத்தவ எனக்கே எம்மகன் சொல்லல, உனக்கு மட்டும் குளவி வந்து காதுல ஓதுச்சாக்கும் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் மகனையும் கேட்டிருக்கிறார். அன்றோடு நின்றது உன் வீடியோ கால். அதற்கப்புறம் உன் நம்பரிலிருந்து வருவதெல்லாம் நல்லா இருக்கோம் என்ற ஒரே வரி. ஒரு காப்பி குடித்ததையே ஒன்பது வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிற பிள்ளை நீ. என் வயிற்றில் பிறந்தவள் ஒரே வரியில் பேசுகிறாள் என்றால் நான் எப்படி நம்புவது?

இங்கே மாடி டியூசனில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூச்சிப் பாடம் வந்தது. படம் எதற்கு, நேரிலேயே காட்டுவோம் என்று எல்லாரையும் ஹாலுக்கு இறக்கினேன். தலை, மார்பு, வயிறு என்று மூன்று பாகம், ஆறு காலும் நாலு இறக்கையும் மார்பில் ஒட்டியிருக்கும், கொடுக்கு வயிற்று நுனியில் என்று காட்டினேன். நடுவில் நூல் மாதிரி இருக்கிற இடுப்பைக் காட்டி, டீச்சருக்கும் கல்யாணத்துக்கு முன்னால் இப்படித்தான் இருந்தது என்றேன், ஒரு பிள்ளைகூட நம்பவில்லை. இவர்தான் அப்பாக் குளவி, மண் சுமந்து வீடு கட்டுகிறார், அம்மாக் குளவி முட்டை வைத்துவிட்டுச் சும்மா இருக்கும், முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, அப்புறம் குளவியாகிச் சுவரைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் என்று தைரியமாக அடித்துவிட்டேன். பாண்டிமீனா மகள் முத்துமீனா, உள்ள என்ன இருக்குன்னு ஒடச்சுப் பாப்பமா டீச்சர் என்றாள். கூட்டை உடைக்கக் கூடாது என்பார்கள், எனக்கும் தெரியும். ஆனால் உன் குரல் கேட்காத நாளிலிருந்து அந்தக் கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் எனக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பால் ஓர் அறையை நெம்பினேன்.

உள்ளே பச்சைப் புழுக்கள், சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேலே வெள்ளையாகக் கொழுத்த குளவிக்குஞ்சு ஒன்று, ஒரு பச்சைப் புழுவுக்குள் முகத்தை விட்டபடி இருந்தது. பச்சைப் புழுவெல்லாம் செத்தது என்றுதான் நினைத்தேன். முத்துமீனா விளக்குமாற்றுக் குச்சியால் ஒன்றைத் தொட்டாள், அது மெதுவாகத் தலையைத் திருப்பியது. உசுரோட இருக்கு டீச்சர், அப்பறம் ஏன் ஓடல என்றாள். குளவி கொட்டினால் சாகாது, அசையத்தான் முடியாது, செத்தால் அழுகிவிடும், குஞ்சு தின்று முடிக்கிற வரைக்கும் கெடாமல் இருக்க வேண்டும் அல்லவா என்று பாடம் மாதிரியே சொன்னேன். அப்ப தன்னையத் திங்கிறது அதுக்குத் தெரியுமா டீச்சர் என்று கேட்டாள். மணி அஞ்சாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க என்றேன், மணி நாலரைதான் ஆகியிருந்தது.

அவர்கள் போனதும் ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டேன், கடைசியாக நீ பேசிய வீடியோ கால்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. மஸ்கட் ஃப்ளாட்டைப் பற்றித் தெருவில் பீற்றிக்கொள்ளலாமே என்று, கட்டடம் வெளியே என்ன கலர்டி என்று கேட்டேன். நீ மருமகன் முகத்தைப் பார்த்தாய். கிரீம் கலர் அத்தை என்று அவர்தான் சொன்னார். கீழே என்ன கடை இருக்கிறது என்று கேட்டதற்கும் அவரே சொன்னார், என்ன குழம்பு வைத்தாய் என்றதற்கும் அவரே சொன்னார். போன ஆடியில் போனவள், குடியிருக்கிற கட்டடத்தின் கலர் தெரியாமல் எப்படியம்மா இருக்கிறாய்? பகலில் பேசினாலும் பின்னால் ஜன்னல் திரை மூடியே இருக்கிறது. ஏசி இருக்கு, ஃபிரிட்ஜ் நிறையச் சாப்பாடு இருக்கு, என் மகள் நோகாம உட்கார்ந்திருக்கா என்று ஊரெல்லாம் சொன்னவள் நான், அண்ணன் மகனுக்குத்தான் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் நான். உன் அப்பாவிடம் சொன்னபோது, ஒரு பூச்சியப் பாத்துட்டு புள்ளய வரச் சொல்லுவியா, ஒனக்கு மண்ட கொழம்பிப் போச்சுடி என்று சிரித்தார். மறுநாள் பார்த்தால் உன் பாஸ்போர்ட் ஜெராக்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார், குளிக்கப் போகும்போதுகூட எடுத்து டிவி மேல் வைத்துவிட்டுத்தான் போகிறார்.

ஆகவே சொல்வதைக் கேள். போனில் எதுவும் எழுதாதே. இந்தக் கடிதத்தை அடியில் வைத்த பருப்புப் பொடி டப்பாவை, அங்கே வேன் ஓட்டுகிற நம் தெருக்கோடி இம்மானுவேல் லீவு முடிந்து திரும்பும்போது கொண்டுவருகிறான். தாமரை கையில்தான் குடுப்பேன்னு நில்லுடா என்று சொல்லியிருக்கிறேன், நான் டிரைவருக்கா, போலீசு இல்ல என்று அலுத்துக்கொண்டான், ஆனால் நிற்பான். அடுத்த வெள்ளிக்கிழமை டப்பாவைத் திரும்ப வாங்குகிற சாக்கில் மறுபடியும் வருவான். நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன், நீ நன்றாக இருக்கிறாய் என்றால் காலி டப்பாவை அவனிடம் கொடுத்துவிட்டு நேரே எனக்குப் போன் போட்டு வயிறு நிறையத் திட்டு, நான் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டு தெருவில் எல்லாரிடமும் அசடு வழிகிறேன். இல்லையென்றால் உடுத்திய துணியோடு அவன் வண்டியில் ஏறு, டிக்கெட் அவனிடம் இருக்கும். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று மட்டும் இப்போதே பார்த்து வை, கிடைக்காவிட்டாலும் ஏறு, இங்கிருந்து வழி செய்கிறோம். ஊர் என்ன பேசும் என்று நினைக்காதே, ஊருக்குப் பேச எடுத்துக் கொடுக்கிறவளே நான்தான்.

எந்த வெயிலும் உன்னை வாட்டாமல், எந்தக் கதவும் உனக்கு மூடாமல், எங்கள் ஆயுசையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நன்றாக இரு. பொடியை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே, பூசணம் பிடிக்கும். படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஜெயக்கொடி

எழுதி மடிக்கும்போது முத்துமீனா அவள் அண்ணனின் காலேஜ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தது தப்பு என்கிறாள். ஆண் குளவிக்குக் கொடுக்கே கிடையாதாம், ஓர் உருண்டை மண்கூட அது சுமக்காதாம். புழுவைத் தேடிப் பிடிப்பதும், கொட்டுவதும், உள்ளே வைத்துக் கூட்டின் வாயை அடைப்பதும் எல்லாம் தாய்க் குளவிதானாம்.