துருவத்துச் சூடும் தடித்த பனியனும்

திருப்பூர்,
14-1-1985

தம்பி லிங்கசாமிக்கு,

அக்கா மருதாள் எழுதுவது. நாங்கள் சுகம். நீ சுகமா என்று உன் கடிதத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் கேட்கிறேன். பொங்கல் வைத்து இறக்கிவிட்டு, கை ஈரம் காயாமல் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எழுதுவதென்றால் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நாலு மாதம் கழித்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் அக்கா என்று ஓரிடம், மச்சான் என்று ஓரிடம். மீதி முழுக்க வடதுருவம். முப்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்று திடீரென்று சூடேறிவிட்டதாம், அதனால் பெர்லினில் குளிர் ஆளைக் கொல்லப்போகிறதாம். சூடேறினால் குளிருமா? எங்கள் ஊரில் அடுப்பு எரிந்தால் சோறு வேகும், உறையாது. இதைப் படிக்கத்தான் குண்டடத்துச் சோளக்காட்டில் கிடந்து உழைத்து அப்பா உன்னை ஜெர்மனிக்கு அனுப்பினாரா? அவர் சாவுக்கு நீ வரவில்லை. ஆகாயத்தில் பலூன் விடுகிற வேலை இருந்தது உனக்கு.

இதில் கூத்து என்னவென்றால், உன் மச்சான் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். "ஏம்புள்ள, உந்தம்பி சும்மா எழுத மாட்டான். அங்க குளிரு கூடுனா தடிச்ச பனியன் கேப்பாங்கல்ல?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டெலக்ஸ் கொடுக்கப் போய்விட்டார். நம் சரக்கை வாங்குகிற ஹாம்பர்க் பையர் என்ன நினைத்தானோ. நம் பனியன் கம்பெனியை ஆரம்பித்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஊர் சிரித்தால் நீதான் பொறுப்பு.

தாராபுரத்துப் பெரியப்பா உனக்குப் பெண் பார்க்கட்டுமா என்று கேட்கிறார். மணமேடையில் கூறைச்சேலையின் ஒரு நுனி உன் கக்கத்திலும் மறு நுனி என் கையிலுமாக நின்று இணைச்சீர் செய்ய, உனக்கென்று நான் ஒருத்திதான் கூடப்பிறந்தவள். அப்பா சாவுக்குத்தான் வரவில்லை, உன் கல்யாணத்துக்காவது வருவாயா?

இப்படிக்கு,
உன் அக்கா,
மருதாள்


மேற்கு பெர்லின்,
2-2-1985

அக்காவுக்கு,

உன் கேலி வந்து சேர்ந்தது. அது வருவதற்கு முன்பே குளிரும் வந்துவிட்டது. இங்கே கால்வாய் உறைந்து, அதன் மேல் ஜனங்கள் நடந்து போகிறார்கள். அடுப்புக் கதையைக் கொண்டுபோய் அவர்களிடம் சொல்.

உனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். புரிந்த பிறகு புரியாத மாதிரி நடிக்காதே. குளிர்காலத்தில் வடதுருவத்தில் சூரியன் கிடையாது. மேலே இருக்கிற காற்று கடுமையாகக் குளிர்ந்து கிடக்கும். அதைச் சுற்றி இன்னொரு பலத்த காற்று வட்டமாக ஓடும். நம் ஆட்டுப்பட்டியின் வேலி மாதிரி என்று வைத்துக்கொள். குளிர் உள்ளே அடைபட்டிருக்கும். சில வருஷங்களில் மலைகளின் மேல் மோதி எழும்புகிற பெரிய காற்றலைகள் உயரே போய் அந்த வட்டக் காற்றைத் தடுத்துவிடும். வேலி உடையும். துருவத்தின் மேலுள்ள காற்று கீழ்நோக்கி அமுங்கும். அமுங்குகிற காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறபோது பம்பைத் தொட்டுவிட்டு நீயே கத்தியிருக்கிறாய். வேலி போன பிறகு குளிர் உள்ளேயா நிற்கும்? இரண்டு மூன்று வாரத்தில் தெற்கே இறங்கும். எல்லா வருஷமும் இறங்காது. மேலே உடைந்தது மேலேயே அடங்கிப்போவதும் உண்டு. ஏன் என்று எங்களுக்கே முழுதாகத் தெரியாது.

அப்பா விஷயத்தை நீ விடப்போவதில்லை. தந்தி என் கைக்கு வந்தபோது அவரை எரித்து முடித்திருந்தீர்கள். அதற்கும் நான்தான் குற்றவாளி.

நான் என்ன படிக்கிறேன் என்று இத்தனை வருஷத்தில் ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார், அது மச்சான். இனி வானத்தைப் பற்றி அவருக்கே எழுதுகிறேன்.

லிங்கசாமி


திருப்பூர்,
9-11-1987

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தில் சண்டை போடக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். முடிகிறதா பார்க்கலாம்.

எண்பத்தைந்தில் உன் குளிர் பலித்தது. ஹாம்பர்க் பையர் அவசரமாகக் கேட்டான், தடித்த பனியன் விமானத்தில் போனது, நமக்குப் பேர் வந்தது. இல்லையென்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆனது தெரியுமா? ஐப்பசி பிறந்தால் உன் மச்சான் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறார். டீக்கடையில் "எம் மச்சினன் வானத்தையே கேட்டுச் சொல்றானுங்க" என்று பெருமை பேசுகிறார். தடித்த துணி பின்னுவதற்கென்றே இரண்டு மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார்.

உனக்குத் தொழில் தெரியாது, சொல்கிறேன். அங்கே குளிருக்குப் போடுகிற சரக்கு இங்கிருந்து புரட்டாசிக்குள் கப்பலேறிவிட வேண்டும். மார்கழியில் எல்லாக் கம்பெனியும் கோடைச் சட்டைதான் தைக்கும். மார்கழியில் தடித்த பனியன் தைப்பவர் இந்த ஊரில் இவர் ஒருவர்தான். ஒரு தடவை பலித்தது என்பதற்காக இவர் அதையே வழியாக்கிக்கொண்டார். சாம்பிள் அனுப்பி, பையர் சரி சொல்லி, ஆர்டர் கையில் வந்த பிறகுதான் துணியை வெட்டுவது வழக்கம். அதையெல்லாம் சொன்னால், "அவஞ் சொன்னாப் போதும்" என்கிறார்.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வானத்தைப் பற்றி அவருக்கு எழுதாதே. சூடேறினாலும் எழுதாதே, உடைந்தாலும் எழுதாதே. என்னிடம் சொல், நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

பெரியப்பா ஒரு பெண்ணின் ஜாதகம் வாங்கி வைத்திருக்கிறார். பதில் போடு.

உன் அக்கா,
மருதாள்


மேற்கு பெர்லின்,
15-12-1987

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மச்சானுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன், இந்நேரம் பார்த்திருப்பாய். அவர் நவம்பரிலிருந்து மூன்று கடிதம் எழுதிக் கேட்டார். பெரிய மனிதர் கேட்கிறபோது வாயை மூடிக்கொண்டிருக்க நான் உன் வீட்டு வேலைக்காரன் இல்லை.

இந்த வருஷம் டிசம்பர் பிறந்ததுமே துருவத்தின் மேல் சூடேறி வேலி உடைந்துவிட்டது. மேற்கிலிருந்து ஓட வேண்டிய காற்று கிழக்கிலிருந்து ஓடுகிறது. இவ்வளவு சீக்கிரத்தில் பார்த்ததில்லை என்று எங்கள் பேராசிரியரே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஜனவரியில் இந்த ஊர் நடுங்கும். அப்போது "தப்பு என்னுடையது" என்று நீ எனக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

என்னை அறிவுகெட்டவன் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி உனக்குப் பழகிவிட்டது. மச்சான் அப்படி நினைக்கவில்லை. அது உனக்குப் பொறுக்கவில்லை.

ஜாதகத்தைப் பெரியப்பாவிடமே பேசிக்கொள்கிறேன்.

லிங்கசாமி


திருப்பூர்,
24-2-1988

லிங்கசாமிக்கு,

உன் ஊர் நடுங்கியதா?

பையரிடமிருந்து டெலக்ஸ் வந்தது. அங்கே மழை தூறுகிறதாம். தூறல் விட்டால் ஜனங்கள் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்களாம். முதலில் தைத்த குளிர்காலச் சரக்கே கடையில் தூங்குகிறதாம், யார் உங்களை மறுபடி தைக்கச் சொன்னது என்று கேட்கிறான். யார் சொன்னது என்று எங்களுக்குத் தெரியும்.

உன் தந்தியை அவர் மாரியம்மன் படத்துக்கடியில் வைத்திருந்தார். அது வந்த அன்றைக்கே, கையிலிருந்த கோடைச் சட்டை ஆர்டரைப் பக்கத்துக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன். "உனக்கு உந்தம்பி மேல நம்பிக்கை இல்ல, எனக்கு இருக்குது" என்றார். எல்லா மெஷினிலும் தடித்த துணியே ஓடியது.

இப்போது மாசி வெயில் அடிக்கிறது. கூடம், படுக்கை அறை, சமையல்கட்டு வாசல் என்று வீடு முழுக்கப் பனியன் பெட்டி. உள்பக்கம் பஞ்சு மாதிரி கிளப்பின துணியைத் தொட்டாலே உடம்பு எரிகிறது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் தைத்துக்கொண்டிருந்த பாண்டியம்மாள் கடைசி நாளில் ஒரு பனியனைத் தூக்கிப் பார்த்தாள். "யக்கா, இந்த வேக்காட்டுல இத யாரு போடுவாக?" என்றாள். அவளும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். மெஷின்களும் கடனுக்குப் போய்விட்டன. ஷெட்டைக் காலி செய்து சாவி கொடுத்தாயிற்று.

அவர் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. திட்டினால் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். "அவம் பொய் சொல்லல மருதா, வானந்தான் மாறிப்போச்சு" என்று உனக்கு வக்காலத்து வாங்குகிறார். நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவருக்கு எழுதாதே என்று கேட்டேன். உன் படிப்பை மெச்ச ஒரு ஆள் கிடைத்தார் என்று அவர் பிழைப்பைக் கெடுத்தாய்.

உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் குழந்தையம்மாளை நிறுத்திக்கொள்.

மருதாள்


மேற்கு பெர்லின்,
20-3-1988

திருமதி மருதாள் ராசப்பன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

துருவத்தின் மேல் சூடேறியது உண்மை. வேலி உடைந்ததும் உண்மை. இந்தத் தடவை அது கீழே இறங்கவில்லை. எல்லா வருஷமும் இறங்காது என்று எண்பத்தைந்திலேயே எழுதியிருக்கிறேன். நான் வானத்தைப் பற்றிச் சொன்னேன். துணியை வெட்டச் சொல்லவில்லை. ஆர்டர் இல்லாமல் வெட்டியதற்கு ஆராய்ச்சி எப்படிப் பொறுப்பாகும்?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரி முழுக்க ஒவ்வொரு விடியலிலும் எழுந்து ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கிற வெப்பமானியைத்தான் முதலில் பார்த்தேன். என் மாடிக்குக் கீழே ஒரு கிழவி இருக்கிறாள், தனியாக. குளிர் கூடினால் அவளுக்கு மூச்சுத் திணறும். அது தெரிந்தும் இறங்கு, இறங்கு என்று அந்தப் பாதரசத்தை வேண்டினேன். அது இறங்கவில்லை. அந்த மாதம் நான் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை, மச்சானுக்காகக் குளிரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்கு இது புரிய வேண்டும் என்று எழுதவில்லை.

இணைச்சீருக்குத் தாங்கள் சொன்னபடியே குழந்தையம்மாளைக் கேட்கிறேன்.

லிங்கசாமி


திருப்பூர்,
28-1-1989

லிங்கசாமிக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை. நீ தாராபுரத்தில் பெரியப்பா வீட்டில் வந்து இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அந்த விலாசத்துக்கே இதைப் போடுகிறேன். கல்யாணப் பத்திரிகை பெரியப்பா கையால் வந்தது. உன் கையால் வரவில்லை. குறித்துக்கொண்டேன்.

உன் மச்சான் இப்போது என்ன செய்கிறார் என்று பெரியப்பா சொல்லியிருப்பார், அல்லது சொல்லக் கூசியிருப்பார். நான் சொல்கிறேன். பனியனை மூட்டையாகக் கட்டி, பஸ் மேலே போட்டு, ஊட்டிக்குக் கொண்டு போகிறார். மார்க்கெட் பக்கம் நடைபாதையில் சாக்கை விரித்து உட்கார்ந்து விற்கிறார். ஆட்களை வைத்து வேலை வாங்கியவர், குத்த வைத்து உட்கார்ந்து அளவு பார்த்துக் கொடுக்கிறார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். தேயிலைத் தோட்டத்துக்காரர் ஒருவர் பனியனை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் குளிரு எப்படீங்க இருக்கும்?" என்று சும்மா கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் நமக்கு என்னங்க தெரியும்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆள் போன பிறகு இவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

நேற்று குழந்தையம்மாள் வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். "ஏனுங்கக்கா, நீங்க இருக்கையில நான் எப்படீங்க அந்தச் சீலையப் புடிக்கறது? ஊரு என்னைய என்னங்க பேசும்?" என்றாள். அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். நான் வருவது ஊர் பேசுவதற்காக இல்லை. நீ கிழவியைப் பற்றி எழுதியதற்காகவும் இல்லை. அதைப் பலமுறை படித்தேன் என்பது வேறு விஷயம். அப்பா இருந்தால் என்னை அடித்தாவது மேடையில் நிறுத்தியிருப்பார். அவர் இல்லாததால் நானே வருகிறேன்.

சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொள். இணைச்சீர் என்னுடையது. குழந்தையம்மாள் மற்றப் பெண்களோடு உட்காரட்டும். கூறைச்சேலையின் ஒரு நுனி உன் கக்கத்தில், மறு நுனி என் கையில். சீர் முடியும் வரை பிடித்திருப்பேன். நான் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், நீயும் என்னைப் பார்க்க வேண்டாம். "அக்கா" என்று கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் என்னை அழ வைத்தால் அங்கேயே சேலையை விட்டுவிட்டுப் போய்விடுவேன். சீர் முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உன் கல்யாணச் சோற்றை நான் தொட மாட்டேன்.

உன் மச்சான் சாப்பிடுவார். பந்தியில் அவரை முதல் இலையில் உட்கார வை. சாப்பிட்டு முடித்ததும் உன்னைத் தேடிக்கொண்டு வருவார். அருகில் வந்து, யார் காதிலும் விழாமல், இந்த வருஷம் மேலே எப்படி இருக்கிறது மாப்பிள்ளை என்று கேட்பார். தெரியாது என்று சொல். தெரிந்திருந்தாலும் தெரியாது என்று சொல்.

கட்டாயம் கேட்பார்.

இணைச்சீர்காரி,
மருதாள்