மேட்டில் கூடு இல்லை

என் செல்ல மகளுக்கு,

இந்த வருஷம் நடுக்கோடை விழாவுக்கு நீ இங்கே வர வேண்டாம். நாங்களே ஹெல்சிங்கிக்கு வருகிறோம். "டவுனுக்கா, நீங்களா? கட்டி இழுத்தாலும் வரமாட்டீங்களே!" என்று அம்மா சிரித்தாள். பிறகு ஏரிக்கரை மேட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நம் காட்டில் மரம் வெட்டும் வேலை பனிக்காலத்திலேயே முடிந்துவிட்டது. காட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து வந்த ஆலோசகர் யோர்மா நல்ல மனுஷன். வெட்ட வேண்டிய இடத்துக்கு நாடா கட்டும்போதே கேட்டார்: "கூடு கீடு ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லிடுங்க, அந்த மேட்டையே தொடாம விட்டுடறேன்."

நல்ல மரமெல்லாம் மேட்டில்தான் இருந்தது. "காக்கா கூடுகூடக் கிடையாதுப்பா," என்றேன். மர உச்சியெல்லாம் பனி மூடியிருந்ததால் அவருக்கும் எதுவும் தெரியவில்லை.

சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு நிறையச் சேர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

சின்ன வயதில் நீ படகில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாயே, அந்த மீன்பிடிக்கும் விராலடிப்பான் பருந்து ஜோடி நேற்று ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிவிட்டது. ஆண் பறவை காலில் ஒரு சுள்ளியைப் பற்றிக்கொண்டு காலையிலிருந்து மேட்டின் மேலேயே சுற்றுகிறது. இன்னும் அதைக் கீழே போடவில்லை.

உன் அப்பா