கருப்பட்டி கலந்த பத்து மார்க்கு

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், புனேயில் மழை வலுத்திருக்கிறது என்றாயே, நீ நனையாமல் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஏறியிருந்த சர்க்கரை இறங்கிவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரி வரைக்கும் பதறிக்கொண்டே படிப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். ருசி பார்த்து மார்க்குப் போடச் சொல்லி நீ அனுப்பிய சீனி போடாத திராட்சை ஜூஸுக்கு எங்கள் ஆட்கள் இருபது பேரும் பத்துக்குப் பத்து போட்ட தாளை உன் கம்பெனியில் கொடுத்துவிடாதே. அது பொய்த் தாள், பொய் என்னுடையது.

பாட்டிலைத் திறந்து வீட்டில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். முதலில் இனித்தது, விழுங்கிய பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு போகாமல் நின்றது. நீ உழைத்துச் செய்ததை நாரணாபுரம் பட்டாசு கம்பெனியில் என்னோடு மத்தாப்பு பாக்கெட் போடுகிறவர்கள் முகம் சுளித்துத் துப்பினால் எனக்குத் தாங்குமா. வேலை விட்டதும் தூசி இறங்கட்டும் என்று நம் ஆட்கள் ஒரு துண்டு கருப்பட்டி வாயில் போடுவார்கள், உன் அப்பாவும் டாக்டர் சொல்லியும் விடவில்லை, உனக்குத் தெரியும். அந்தக் கருப்பட்டியையே பாகு காய்ச்சி ஜூஸில் ஊற்றிக் கொண்டுபோனேன். டீ நேரத்தில் எல்லாரும் குடித்து மெச்சினார்கள். தரைச்சக்கரம் செய்கிற ஷெட்டிலிருந்து அப்பாவும் வந்துவிட்டார். "எம் மக செஞ்சது, சீனியே கெடையாது, குடிங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே மூன்று டம்ளர் குடித்தார். தடுத்தால் குட்டு உடைந்துவிடும் என்று நான் பாவி வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை முந்நூற்று நாற்பது. என்ன சாப்பிட்டீக என்று நர்சம்மா கேட்டதற்கு, "ஆசப்பட்டு கடையில லட்டு தின்னுட்டேன் தாயி" என்றார். வெளியே வந்ததும் ஏன் இப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பிள்ள செஞ்ச ஜூஸுல ஏதோ கோளாறு போல. நாம சொல்லப்போய் அவ வேலைக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுல்ல" என்றார். பஸ் ஸ்டாப்பிலேயே அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டவில்லை. "ஆளுக்கொரு பொய்யா, நல்ல சோடிதான்" என்று சிரித்தார்.

மிச்சமிருந்த பாட்டில்களில் எதுவும் கலக்காமல் கொடுத்து, அதே இருபது பேரிடம் நடந்ததைச் சொல்லி, புதிதாக மார்க்கு வாங்கி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மூன்றும் நான்குமாகத்தான் இருக்கிறது, மனம் வெதும்பாதே. வேலுத்தாய் மட்டும், பிள்ளைக்குப் போட்டது போட்டதுதான் என்று பத்தை மாற்ற மாட்டேன் என்றுவிட்டாள், அவளுடையதை நீயே அடித்துவிடு. வீட்டில் ஒரு டம்ளரில் மட்டும் சிட்டிகை உப்புப் போட்டுப் பார்த்தேன், கசப்பு பாதி அடங்கியது. இரண்டு சொட்டு நெல்லிக்காய்ச் சாறும் விட்டால், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி கடைசியில் ஒரு தித்திப்பு நிற்கிறது. படித்த பிள்ளைக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது, இருந்தாலும் செய்து பார்.

அப்பா மார்க்குப் போட வெகுநேரம் யோசித்தார். கடைசியில் நாலு போட்டார். இன்னும் ஒன்று கூட்டிப் போடக் கூடாதா என்று நானே கேட்டேன். "நாலுதான் நெசம். அவ இத பத்தாக்குற வரைக்கும் நான் இருந்து குடிச்சுப் பாக்கணும்ல" என்றார். சொல்லிவிட்டு, கையில் எடுத்திருந்த கருப்பட்டித் துண்டைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள். பழைய தாளை மறக்காமல் கிழித்துப் போடு.

உன் அம்மா,
பாண்டிலட்சுமி