குடிக்காதவரின் ஈரல்

என் அப்பாவுக்கு,

நெய்யாற்றின்கரையில் அந்த டாக்டரின் அறையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம்தான். "இவர் குடிக்கமாட்டார் டாக்டர், பிறகு எதனால் இது வந்தது?" கேட்டிருக்கலாம். கேட்காமல் உங்கள் குடையை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வெளியே வந்துவிட்டேன்.

அவர் ஸ்கேன் தாளைப் பார்த்துவிட்டு, தலை நிமிராமல் மலையாளத்தில் கேட்டார்: "குடிக்குமோ? எத்ற கொல்லமாயி?" குடிப்பீர்களா, எத்தனை வருடமாக என்பது அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று உங்கள் காது சிவந்தது. நீங்கள் நம் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத் தலைவர். வருடாவருடம் நீங்கள் உறுதிமொழியை வாசிக்க, சபை முழுவதும் எழுந்து நின்று திரும்பச் சொல்லும். உங்களிடம் போய் அதைக் கேட்டுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் என் கையிலிருந்து தாளை வாங்கி எட்டாக மடித்தீர்கள். "மக்களே, இத ஆருகிட்டயும் சொல்லாண்டாம். ஈரலு கெட்டவன் சபையில எந்திச்சு நின்னு குடிக்காதேன்னு சொல்ல ஒக்குமா?" பிறகு இரண்டு பழம்பொரி வாங்கி எனக்கு ஒன்று தந்தீர்கள். நானும் தின்றேன்.

அந்தத் தாளில் இருந்ததை நான் ஏற்கெனவே வாசித்திருந்தேன். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. தழும்பு தொடங்கியிருக்கிறது. இரண்டே வரி.

அதன் பிறகு நிறைய வாசித்தேன். எனக்கு வாசிக்கத்தான் வரும், பேச வராது. வெளியே தெரிகிற தொப்பையைவிட, உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்கிற கொழுப்புதான் ஆபத்தானதாம். ஈரல் வலிக்காமலே கொழுத்து, வலிக்காமலே தழும்பாகி இறுகிப்போகுமாம். அதற்குக் குடிக்கவே வேண்டாமாம். அந்தக் கொழுப்பு கணையத்தையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும்கூட விடாது. உங்களுக்குச் சர்க்கரை வந்தது, மாலையில் கால் வீங்கியது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டீர்கள். எல்லாம் தனித்தனிச் சங்கடங்கள் என்று நினைத்திருந்தோம். எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று நான் உங்களிடம் எப்போது சொல்லியிருக்க வேண்டும்? ரப்பர் ஷீட் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இரண்டாம் முறை கேட்டபோதா? நான்தான் பரிமாறினேன்.

நான்கு வருடம் கழித்து ஒரு காலையில் வாஷ்பேசின் நிறைய இரத்தம். ஈரல் இறுகியதால் தொண்டைக்குக் கீழே வீங்கியிருந்த இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஈரலுன்னு சொன்னா அடக்கத்துக்கு வாறவிய என்ன நெனப்பாவ? நெஞ்சுவலின்னு சொல்லு." ஊருக்கு அப்படியே சொன்னேன். மஸ்கட்டிலிருந்து போன் செய்த தம்பி ஷிபுவிடமும் அப்படியே சொன்னேன்.

அப்பா, உங்கள் மகன் ஊருக்கு வந்துவிட்டான். உங்கள் சட்டை அவனுக்கு இப்போது சரியாக இருக்கிறது. வயிற்றுப் பக்கம் மட்டும் இரண்டு பட்டன் இழுக்கிறது. கழுத்து மடிப்பு உங்களுடையதைப் போலவே கறுத்திருக்கிறது. குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு வாங்குகிறான். அம்மாவுக்குப் பெருமை. "வயிறு இல்லேன்னா கல்ஃபுக்குப் போயிட்டு வந்தவன்னு ஆரு சொல்லுவா?"

போன மாதம் அவனாகவே போய் ஈசிஜி எடுத்து வந்தான். "எக்கா, அப்பாக்கு நெஞ்சுல்லா கெட்டது? எனக்க நெஞ்சு கல்லு ஆக்கும்! டாக்டரே சொல்லியாச்சு." சொல்லிவிட்டு இரண்டாவது பொரோட்டாவைப் பிய்த்தான். அவன் நம்புவது நான் சொன்ன பொய்யைத்தான். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவன் வேறு உறுப்பைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறான்.

உங்கள் உறுதிமொழித் தாள்கள் இருந்த கோப்பில் அந்த ஸ்கேன் தாள் கிடைத்தது, அதே எட்டு மடிப்போடு. செவ்வாய்க்கிழமை அவன் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். உங்களிடம் சத்தியம் செய்யாவிட்டாலும், சத்தியத்தை மீறியதைப்போல் இருந்தது.

அவன் வெகுநேரம் வாசித்தான். "அப்பா குடிச்சாரா?"

"இல்லலே. ஒரு சொட்டு கூட இல்ல."

"பின்ன எதுக்கு மறச்சிய? நான் அங்க கெடந்து தின்னுட்டுல்லா இருந்தேன்!" அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை.

வியாழக்கிழமை அவனோடு போனேன். வேறு டாக்டர், அதே கேள்வி. "இல்ல" என்றான் ஷிபு. அவன் முகத்தைப் பார்க்காமல், அன்று உங்களைப் பற்றிக் கேட்காமல் விட்டதை நான் கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசினார். ஆரம்பத்தில் பிடித்தால், எடையைக் குறைத்தால், ஈரல் பெரும்பாலும் தேறிவரும் என்றார். உங்களுக்கும் அந்தக் கால் மணி நேரம் இருந்தது, அப்பா. வாசல்வரை போய்விட்டு நாம் திரும்பி வந்திருக்கலாம்.

வரும் உறுதிமொழி ஞாயிறு அன்று, எல்லோரும் சொல்லி முடித்து உட்காரும்போது, நான் உட்காரமாட்டேன். உங்களுக்கு வந்தது நெஞ்சுவலி அல்ல, நீங்கள் குடிக்கவும் இல்லை என்று இரண்டையும் சேர்த்தே சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

ஷிபுவின் ஸ்கேன் ரிப்போர்ட் இன்று காலை வந்தது. கொழுப்பு படிந்திருக்கிறது, தழும்பு தொடங்கியிருக்கிறது. அவன் அதை மடிக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்.

உங்கள் மகள்,
ஷிபுவின் அக்கா